பிஸ்கட் தொடாத தண்ணீர்

பிஸ்கட் கிண்ணத்தருகே வந்தாள். நாக்கை நீட்டித் தண்ணீரைத் தொட்டாள். சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு மரப்பட்டைக்கு அடியில் போய்ச் சுருண்டாள். ஒரு வாரமாக இதேதான்.

பிஸ்கட் என் தம்பி டெஸ்மண்டின் மலைப்பாம்பு. வோமா இனம், மணல் நிறம், உடலெங்கும் பழுப்புப் பட்டைகள். மனைவியைப் பிரிந்து என் வீட்டுக்கு வந்தபோது ஒரு தோள்பையையும் பிஸ்கட்டின் கண்ணாடிப் பெட்டியையும்தான் கொண்டுவந்தான். சாலை போடும் வேலை கிடைத்துப் போன வாரம் வடக்கே கிளம்பும்போது, "அக்கா, எனக்குன்னு மிச்சம் இருக்கறது இவ ஒருத்திதான்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதனால்தான் அது எனக்குள் தங்கிவிட்டது.

அவன் போகும்வரை நான் அந்தப் பெட்டி இருந்த அறைப்பக்கமே போனதில்லை. இப்போது காலையில் கண் விழித்ததும் அங்கேதான் போகிறேன். பயமில்லை. பயம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது. இவளுக்கு என்ன தெரிகிறது? என்னைத் தெரிகிறதா? நான் வைத்த தண்ணீர் என்பதால்தான் வேண்டாம் என்கிறாளா? மனிதர்களிடம் எனக்கு இந்தச் சந்தேகம் பழையது. பாம்பிடமும் வரும் என்று நினைத்ததில்லை.

கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"தோல் துண்டு துண்டா உரியுதா?"

"ஆமா. கண்ணு மேலகூட கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருக்கு."

"உடம்புல நீர் வத்துது. நாளைக்குள்ள குடிக்கலைன்னா கொண்டு வந்துடுங்க. ஆனா இந்த வெயில்ல நாள் முழுக்க கார்ல வர்றதை அவ தாங்குவாளான்னு என்னால சொல்ல முடியாது."

போனை வைத்ததும் பக்கத்து வீட்டு ஐவி பின்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பாம்பென்றாலே ஆகாது அவளுக்கு. ஆனாலும் தினமும் வந்து எட்டிப் பார்ப்பாள்.

"என்னடி ரோஸ்லின், உங்க மகாராணி இன்னும் விரதமா?"

"என்ன தண்ணி வெச்சாலும் தொட மாட்டேங்கறா."

"குழாய்த் தண்ணி வெச்சியா? பூமிக்கடியிலேர்ந்து சூடா வர்றது, அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, நானே குடிக்க மாட்டேன்."

"ஆற வெச்சுக் குடுத்தேன். வேண்டாம்னுட்டா. தொட்டியிலேர்ந்து மழைத்தண்ணி குடுத்தேன். அதுவும் வேண்டாமாம்."

"மழைத்தண்ணியா! தொட்டில முழங்கால் அளவுகூட இல்லை, நீ பாம்புக்கு ஊத்தறியா? நான் தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"தெரியுது, தள்ளி நில்லு."

கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரையும் அன்று வைத்துப் பார்த்தோம். நாக்கு வெளியே வந்தது, தொட்டது, உள்ளே போயிற்று. தலை திரும்பிவிட்டது. ஐவி மூக்கைச் சுளித்தாள்.

"ராங்கிக்காரி. பாட்டில் தண்ணியே ஆகலையாம்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டை வாடை அடிக்கும் தண்ணீர், தகரக் கூரையிலிருந்து வழிந்த தண்ணீர், எங்கோ தூரத்து ஊரில் அடைத்த தண்ணீர். மூன்றும் மூன்று விதம். அவள் மறுத்தது மட்டும் ஒரே விதம். அப்படியென்றால் அவள் மறுப்பது தண்ணீரை இல்லை.

கிண்ணத்தை வெளியே எடுத்தேன். வெள்ளைப் பீங்கான், பளிச்சென்றிருந்தது. இருக்காதா பின்னே? தினமும் நான்தானே கழுவுகிறேன். விரலை அதன் தண்ணீரில் முக்கி நாக்கில் வைத்தேன்.

"ஐயோ, பாம்பு நக்கினதைடீ!" என்று ஐவி அலறினாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. வாய்க்குப் பழகிய ருசி. அந்தப் பழக்கம்தான் என்னை யோசிக்க வைத்தது. மறுபடி தொட்டு வைத்தேன். நாக்கின் ஓரத்தில் மெல்லிய எலுமிச்சை, அதற்குப் பின்னால் வழுவழுப்பாக ஒரு கசப்பு.

"சோப்பு" என்றேன்.

எங்கள் ஊரில் எல்லோரும் பாத்திரம் கழுவுவது ஒரே மாதிரிதான். சமையலறைத் தொட்டியில் ஒருமுறை வெந்நீர் நிரப்பி, சோப்பு ஊற்றி, நுரையில் முக்கித் தேய்த்து, நுரையோடு வெளியே எடுத்துத் துணியால் துடைத்து அடுக்கிவிடுவோம். அலசுவது என்பது தண்ணீரை வீணாகக் கொட்டுவது. அம்மா அலசி நான் பார்த்ததில்லை. ஐவி வீட்டிலும் இதுதான் வழக்கம்.

"அப்போ நாம தினம் குடிக்கற டீ?" என்று ஐவி மெதுவாகக் கேட்டாள்.

"அதுலயும் இருக்கும்."

"இத்தனை வருஷமாவா? என் புருஷன் இதைக் குடிச்சும் ஒரு நல்ல வார்த்தை பேசினதில்லையே. அவர் வாயைக் கழுவாம அந்தச் சோப்பு எங்கடி போச்சு?"

டெஸ்மண்டை அழைத்தேன். லாரிச் சத்தத்துக்கு நடுவே கத்தினான்.

"அக்கா! குடிச்சாளா?"

"நீ கிண்ணத்தை எப்படிடா கழுவுவே?"

"வெறும் தண்ணிலதான். கையால தேச்சு, நல்லா அலசி ஊத்திடுவேன். ஏன்?"

"சோப்பு போடக் கூடாதுன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"உன் வீட்டுல இருந்துக்கிட்டு, நீ கழுவற பாத்திரத்துல சோப்பு வாடை வருதுன்னு எப்படிக்கா சொல்றது?"

அவனும் என் வீட்டில் அந்த டீயைத்தான் குடித்திருக்கிறான், தினமும், ஒரு வார்த்தை சொல்லாமல். பாம்புக்கு அந்தச் சங்கடம் இல்லை.

கிண்ணத்தை மழைத்தொட்டிக் குழாயடியில் பிடித்தேன். கையால் தேய்த்து அலசி மண்ணில் ஊற்றினேன். மறுபடியும் பிடித்தேன். "போதும்டி, போதும்!" என்று ஐவி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சை இன்னும் இருந்தது. மறுபடியும் அலசினேன். கொட்டிய தண்ணீரை மண் உறிஞ்சும் சத்தம் எனக்கே பொறுக்கவில்லை. கடைசியில் கிண்ணத்தில் எந்த மணமும் இல்லை. அப்படி ஒரு பாத்திரத்தை என் வீட்டில் நான் முகர்ந்ததே இல்லை.

நிரப்பி உள்ளே வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஐவி வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள், போகவில்லை.

மரப்பட்டை அசைந்தது. பிஸ்கட் வந்தாள். நாக்கு தண்ணீரைத் தொட்டது, இன்னொரு முறை தொட்டது. பிறகு முகவாயை அப்படியே தண்ணீரில் இறக்கினாள். சத்தமே இல்லை. தாடையின் ஓரம் மட்டும் லேசாகத் துடித்தது. ஒவ்வொரு மடக்கும் கழுத்துக்குள் மெல்ல நகர்ந்து போவது தெரிந்தது.

"தொட்டில மிச்சம் எவ்வளவுடி இருக்கும்?" என்றாள் ஐவி, குரலைத் தாழ்த்தி.

"தெரியலை."

"பத்தலைன்னா எங்க தொட்டியிலேர்ந்து ஒரு குடம் எடுத்துக்கோ" என்றாள். பிஸ்கட் குடித்துக்கொண்டே இருந்தாள்.