தனகோட்டியின் தூண்டில்

நெய்வேலி டவுன்ஷிப்பில் அமிர்தநாதனுக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது, பெர்மனன்ட் வேலை இருந்தது. தனகோட்டி பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வருகிறவன். சுரங்கத்தில் இருவரும் ஒரே பம்பு செக்‌ஷன். பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஒரே வண்டியில் ஏரிக்குத் தூண்டில் போடப் போவார்கள். எந்த மடுவில் விரால் கிடக்கும் என்பது தனகோட்டிக்குத் தெரியும். வண்டி அமிர்தநாதனுடையது.

2014 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. மதியம் அமிர்தநாதன் வீட்டுக்கு மச்சான் குடும்பம் விருந்துக்கு வருவதாக இருந்தது. விரால் குழம்பு என்று சொல்லியாகிவிட்டது. முதல் மீன் மாட்டிய நேரத்தில், புழு எடுக்கப் பனையோலையைப் புரட்டிய தனகோட்டி கையை உதறினான்.

"அண்ணே, எதுவோ கடிச்சிட்டுது. வாலு மட்டுந்தான் தெரிஞ்சிது."

அமிர்தநாதன் தூண்டிலைக் கீழே வைக்காமலேயே எட்டிப் பார்த்தார். "தண்ணிப்பாம்புடா. வெசம் கெடையாது. அப்பிடி ஒக்காரு."

"எரியுதுண்ணே."

"மீனு மாட்டற நேரத்துல உசுர வாங்காத."

விரால் அன்று விடாமல் இரையெடுத்தது. தனகோட்டி பனைமரத்தில் சாய்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டான். முழங்கை வரை வீங்கியது. இரண்டு தடவை "போலாமாண்ணே" என்று கேட்டான். இரண்டு தடவையும் "இன்னும் ரெண்டு" என்றார் அமிர்தநாதன். அப்புறம் அவன் கேட்கவில்லை. அவன் ஈறில் ரத்தம் கசிவதைப் பார்த்த பிறகுதான் தூண்டிலைச் சுருட்டினார். அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. விருந்துக்கு நேரமாகிவிட்டது. அவனை வடக்குத்தில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, மீன் பையோடு கிளம்பிப் போனார்.

தனகோட்டியின் மனைவி மாணிக்கம்மாள்தான் ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். ஐந்தாம் நாள் இறந்தான்.

சாவு வீட்டில் அமிர்தநாதன் உண்மையாகவே அழுதார். கேட்டவர்களிடமெல்லாம், "கடிச்ச நிமிஷமே வண்டியில வச்சிக்கினு பறந்தேன். என் தம்பிய காப்பாத்த முடியலியே" என்றார். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாணிக்கம்மாள் அதைக் கேட்டாள்.

கருமாதி முடிந்த மறுநாள் அவள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். கையில் தனகோட்டியின் தூண்டில். கண்ணாடிச் சில்லால் சுரண்டி அவனே வழவழப்பாக்கிய மூங்கில் கழி, பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அமிர்தநாதனின் மனைவி சகாயம்மாள் அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள்.

"அவரு நெனப்பா இது ஒங்க வூட்டுல இருக்கட்டும்ணே" என்று மாணிக்கம்மாள் கழியை அவர் மடியில் வைத்தாள். "அன்னிக்கு எத்தினி மீனு மாட்டுச்சிங்க?"

"அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்குது."

"ஏழு விராலு" என்றாள் சகாயம்மாள் வெள்ளந்தியாக. "நான்தான அரிஞ்சேன்."

"மொத மீனு மாட்டறப்பவே கடிச்சிட்டுதுன்னு ஆஸ்பத்திரியில அவரு சொன்னாருங்க." மாணிக்கம்மாள் காபியை ஒரு வாய் குடித்தாள். "அப்ப மிச்சம் ஆறும் கடிச்சதுக்கு அப்பறம்."

சகாயம்மாள் கணவனைப் பார்த்தாள்.

"தண்ணிப்பாம்புன்னுதான்மா நெனச்சேன்" என்றார் அமிர்தநாதன்.

"அவரு ஒங்கள ஒரு வார்த்த தப்பா சொல்லலிங்க. அண்ணன் பயந்துடப் போறாரு, எனுக்கு ஒண்ணுமில்லன்னு போயி சொல்லுன்னுதான் சொல்லிகினு கெடந்தாரு."

அவள் போனதும் சகாயம்மாள் கூடத்துச் சுவரில் ஆணி அடித்துக் கழியை மாட்டினாள். வருகிறவர்கள் கேட்டால், "இவரு சிநேகிதனோடது. இவரயே கேளுங்க" என்பாள். மூன்று மாதம் பொறுத்தார் அமிர்தநாதன். அவள் சர்ச் பூசைக்குப் போயிருந்த ஒரு காலையில் கழியை மூன்றாக ஒடித்துத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

அந்த பிளாக்கில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாணிக்கம்மாள் சேர்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் வாசல் கேட் அருகே வந்து நின்றாள். மூன்று துண்டையும் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தவறி குப்பையில வுழுந்துட்டுதுங்களாண்ணே?"

பூசையிலிருந்து திரும்பிய சகாயம்மாள் துண்டுகளை வாங்கிச் சணலால் இறுக்கிக் கட்டினாள். அதே ஆணியில் மாட்டினாள்.

"தெனமும் வந்து பாத்துட்டுப் போ" என்றாள்.

மாணிக்கம்மாள் வந்தாள். அவர் ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்த நாள்வரை, நான்கு வருஷம், வேலை முடிந்ததும் வாசலில் நின்று, "இருக்குதுங்களாண்ணே?" என்று கேட்பாள். சகாயம்மாள் வாய் திறக்க மாட்டாள். "இருக்குது" என்று அமிர்தநாதன்தான் சொல்ல வேண்டும்.