கப்பல் பரமுவின் முட்டை

ஸ்கந்தபுரத்தில் பரமேஸ்வரன் என்று விசாரித்தால் ஆளாளுக்கு முகத்தைப் பார்ப்பார்கள். கப்பல் பரமு என்றால் வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். இளம் வயதில் எண்ணெய்க் கப்பலில் குசினியில் சமையல் வேலை பார்த்தவர். ஈரானும் ஈராக்கும் அடிபட்ட காலத்தில், வளைகுடாக் கடலில் வைத்து அவருடைய கப்பலில் ஏவுகணை விழுந்தது. அந்த நேரம் அவர் முட்டை பொரித்துக்கொண்டு நின்றார். ஏதோவொரு வெளிநாட்டுக் கப்பல் தொழிலாளர் சங்கத்துக்கு இப்போதுதான் அந்தச் சங்கதி ஞாபகம் வந்திருக்கிறது. போர்க் கடலில் சரக்குக் கப்பல் ஓட்டினவர்களுக்கு மரியாதை என்று ஒரு பதக்கத்தைப் பார்சலில் அனுப்பியிருந்தது.

பார்சல் வந்த நாளிலிருந்து சின்னராசாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சின்னராசா பக்கத்து வளவுக்காரர். உழவு இயந்திரம் வைத்திருப்பவர். பரமுவின் சிநேகிதர் வேறு. சனசமூக நிலையத்துக்கும் அவரே தலைவர் என்பதால், ஊர் கூடிப் பாராட்டு விழா எடுக்கத் தீர்மானித்தபோது வரவேற்புரை அவர் தலையில் விழுந்தது.

"ஒரு குண்டுக்கு ஒரு பதக்கம் எண்டால், எங்கட ஊர் ஆடுமாடுகளுக்குச் சாக்குச் சாக்காய் அளக்கவேணும்" என்றார் கூட்டத்தில்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பதுங்குகுழிக்குள் கிடக்காத ஆள் ஒருவர்கூட அங்கே இல்லை. பரமுவும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் சின்னராசா வயிறெரிந்து சொன்னது ஒருவருக்கும் தெரியாது. இங்கே நடந்த போரின் கடைசி இடம்பெயர்வில் அவருடைய உழவு இயந்திரத்தின் பின்னால் இழுபட்ட பெட்டி ஏற்றாத பாரமா? நெல்மூட்டை, காயக்காரர், பிள்ளைத்தாச்சி, பரமு வீட்டுக் கோழிக்கூடு. காது முழுக்க ஷெல் சத்தம். அதற்கு எந்தச் சங்கம் பார்சல் அனுப்பப்போகிறது? தன் கழுத்தில் ஒன்றும் விழாது என்று தெரிந்தும் மனுஷன் ஆசைப்பட்டார். இந்த வயதில் இப்படி ஓர் ஆசை அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மூடப் பகிடியைக் கூட்டினார்.

அவரிடம் பழைய பகிடி ஒன்றும் உண்டு. பரமு ஏவுகணைக் கதையைத் தொடங்கினால் கப்பல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளும். நல்ல கட்டத்தில் சின்னராசா குறுக்கே விழுவார்.

"அது கிடக்கட்டும். அந்த முட்டைக்கு என்ன நடந்தது?"

உடனே பரமு, "உன்ர சைக்கிளை எப்ப விக்கப்போறாய்?" என்று திருப்பிக் கேட்பார்.

சைக்கிள், சின்னராசாவின் உழவு இயந்திரக் கொட்டிலில் தொங்குகிறது. கறள் பிடித்து, டயர் உக்கிப்போன சைக்கிள். பழைய இரும்பு வாங்க வருகிறவன் அதில் கை வைத்தால் சின்னராசா உறுமுவார். ஏன் என்று சொல்லமாட்டார். பரமுவிடமும் அப்படி ஒரு கோணல் இருந்தது. ஆட்டிறைச்சி, மீன் எல்லாம் அவர் சமைத்தால் நாக்கு விடாது. ஆனால் ஒரு முட்டை பொரித்துத் தந்ததில்லை என்பது மனைவி சிவலட்சுமியின் தீராத குறை.

விழாவன்று வருவதாகச் சொன்ன வான் வரவில்லை. சிவலட்சுமி வேலிக்கு மேலால் கூப்பிட்டா.

"சின்னராசண்ணை, உங்கட உழவு மிசினை எடுங்கோ. இவர் நடந்து வெளிக்கிட்டால் கப்பல் கரைக்கு வர ஒரு கிழமை செல்லும்."

விழா நாயகனைத் தானே ஏற்றி இறக்கவேண்டி வந்ததில் சின்னராசாவுக்கு இன்னும் எரிந்தது. மேடையில் ஏறி, "பரமேஸ்வரன் எங்கட ஊருக்குப் பெருமை" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் வந்து குந்தினார். அவ்வளவுதான் வரவேற்புரை. பதக்கம் ஏறியது, மாலை விழுந்தது. பரமு ஏற்புரைக்கு எழும்பினார். அன்றைக்குக் கப்பல் நீளவில்லை.

"நான் சண்டைக்காரனில்லை, துவக்குத் தொட்டவனுமில்லை. எண்ணெய் ஆருக்குப் போகுது எண்டும் தெரியாது. ஏத்தினதைக் கொண்டுபோய் இறக்கவேணும், அவ்வளவுதான் எங்கட வேலை. அதுக்கு மரியாதை எண்டால், எங்களை ஏத்தி இறக்கின ஆள் உந்தா இருக்கிறார். சின்னராசாவின்ர பெட்டியிலதான் நானும் லட்சுமியும் உயிர் தப்பினது. அவருக்கு ஒருக்கால் கை தட்டுங்கோ."

கூரைத் தகரம் அதிரச் சனம் கை தட்டியது. சின்னராசா குனிந்து, காலில் கிடந்த செருப்பையே கதிரைக்குக் கீழே தேடிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து கொட்டிலுக்குள் இயந்திரத்தை நிறுத்தினார். சிநேகிதனுக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்லத்தான் நினைத்தார். பழகாத வாய்க்குப் பழையதுதான் வந்தது.

"அதெல்லாம் கிடக்கட்டும். அந்த முட்டைக்கு என்ன நடந்தது?"

பரமு மாலையை நோண்டிக்கொண்டே சொன்னார்.

"ஒரு பிலிப்பைன் பெடியன் கேட்டது. 'காவல் முடிஞ்சு வாறன், எடுத்து வை' எண்டிட்டுப் போனவன். நெருப்பெல்லாம் அணைஞ்சு கரைக்கு வருமட்டும் மூடி வைச்சிருந்தன். அவன் வரேல்லையடாப்பா."

சின்னராசாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. எத்தனை வருடப் பகிடி! மேலே நிமிர்ந்து சைக்கிளைப் பார்த்தார்.

"உந்தச் சைக்கிளைத் தந்தவனும் வரேல்லை. விசுவமடுவில ஓடுற பெட்டிக்குள்ள தூக்கிப் போட்டவன். 'ஐயா கொண்டுபோங்கோ, அம்மாவைக் கூட்டிக்கொண்டு பின்னால வாறன்' எண்டான். நான் பேர்கூடக் கேக்கேல்லை."

பரமு கழுத்து மாலையைக் கழற்றினார். சைக்கிள் கைபிடியை நோக்கி எட்டினார். சின்னராசா பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

"வேண்டாம்! உதுக்கு மாலை போடாதை. வந்தாலும் வருவான்."

பரமு கையை இறக்கினார். "ஓமடாப்பா" என்றார் மெதுவாக. பிறகு, ஆயுதபூசைக்குப் போடுவதுபோல மாலையை உழவு இயந்திரத்தின் முகப்பில் போட்டார்.

"மிசினுக்குச் சரி. ஓட்டினவனுக்கு?" என்று கேட்டார் சின்னராசா.

"வா வீட்டை" என்றார் கப்பல் பரமு. "முட்டை பொரிச்சுத் தாறன். சூட்டோட, ஆறமுதல் தின்னவேணும்."