சேலத்துக்கு ஒரு நேர்கோடு

பெங்களூர் கொரகுண்டேபாளையா மேம்பாலத்தடியில் துணிப்பையோடு நின்ற நிருபமாவுக்குத் தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஊருக்கு வெளியே நெலமங்கலத்தில் லாரி ஒன்று கவிழ்ந்து, அண்ணன் கேசவ் வரும் டாக்சி வெகுநேரமாக அசையவில்லை. சேலத்து ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

அம்மாவும் பிள்ளையும் பேசி ஏழு வருஷம். கேசவ் கன்னடக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஷிவமொக்காவிலேயே தங்கிவிட்டதும், "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்றாள் அம்மா. அவனும் முழிக்கவில்லை. ரோஷத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு. அந்த அம்மாதான் நேற்றுச் சாயங்காலம் அவன் பெயரைச் சொன்னாள். மல்லேஸ்வரத்து வீட்டிலிருந்து நிருபமா போனில் கெஞ்சிக் கூத்தாடினாள். "நீ கூட இருந்தாத்தான் உள்ள வருவேன்" என்று ஒருவழியாக இறங்கி வந்தான். ராத்திரி பஸ்ஸில் பெங்களூர் வந்து, விடிந்ததும் இருவருமாகச் சேலம் போவதாக ஏற்பாடு. இரண்டு நாள் தாங்கும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை, போனில் தேடினாள். ஷிவமொக்கா விமான நிலையத்திலிருந்து சேலம் விமான நிலையம் முந்நூற்றைம்பது கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஐம்பத்தைந்து நிமிடம் என்று ஒரு பக்கம் பளிச்சென்று சொன்னது.

"பஸ்ஸெல்லாம் வேண்டாம்ணா. கார்த்தால ஃப்ளைட்ல வந்துடு. நான் சேலத்துல வாசல்லயே நிக்கறேன்."

டிக்கெட் போடுகிறேன் என்றதற்கு அவன் விடவில்லை. "தங்கை காசுல நான் ஏன் வரணும்? அங்கயே கவுண்டர்ல வாங்கிக்கறேன்." அவள் போட்டிருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

காலையில் அவள் வீட்டைப் பூட்டும்போது கூப்பிட்டான். "இங்கேர்ந்து சேலத்துக்கு ஃப்ளைட்டே கிடையாதாம் நிரு. செக்யூரிட்டி சிரிக்கறான்."

எந்த இரண்டு ஊரைக் கேட்டாலும் நடுவில் கோடு கிழித்துக் கணக்குச் சொல்லும் பக்கம் அது. விமானம் பறக்கிறதா இல்லையா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. படித்த கழுதைக்கு இதுகூடத் தெரியவில்லை. ஒரு ராத்திரி முழுசாகப் போயிற்று. டாக்சி பிடித்துக் கிளம்பியவனை விட்டுவிட்டுத் தான் மட்டும் போகவும் துணிவில்லை. தனியாக விட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவான்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையிருந்த அவள் கணவன் சுதீர்.

"சாயங்காலம் தாண்டாதுங்கறார் டாக்டர். நீ மட்டுமாவது கிளம்பி வந்துடேன் நிரு."

"அண்ணாவை விட்டுட்டா?"

"இரு, அம்மா உங்கிட்டப் பேசணுமாம்."

கொஞ்ச நேரம் வெறும் மூச்சு கேட்டது. பிறகு, "கேசவன் எங்கடி?"

"ஃப்ளைட்ல இருக்கான்மா. இப்ப இறங்கிடுவான்."

பொய் நாக்கில் தடுக்கவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பக்கம் ஏதோ முனகல். சுதீர் யாரிடமோ கேட்டான்: "சிஸ்டர், சீப்பு இருக்குமா? தலை வாரி விடணுமாம். இப்படிப் பார்த்தா பிள்ளை பயந்துடுவானாம்."

நிருபமா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கேசவ் வர வேண்டிய தும்கூர் ரோட்டில் வந்த மஞ்சள் போர்டு டாக்சி ஒவ்வொன்றுக்கும் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.