படுக்கையறை ஜன்னலடியில் நாலு குச்சி

சமையலறைப் படியில் சூரியகாந்தி விதைத் தொலி கிடந்தது. எங்கள் வீட்டில் அதைக் கொறிப்பவர் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு ஹோலிஸ்தான் கொறிப்பான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால், பள்ளி விடும்வரை அவனுக்கு வேலை கிடையாது. அந்த நேரத்தில்தான் நான் தூங்குவேன். மர ஆலையில் எனக்கு இரவு ஷிப்ட்.

நானும் என் மனைவி கோராவும் இந்தக் கோடையில் முதல்முறையாகக் கஞ்சாச் செடி வைப்பதாக இருந்தோம். அமெரிக்காவில் எங்கள் ஓரிகன் மாநிலத்தில் சட்டப்படியே வீட்டுக்கு நாலு செடி வைத்துக்கொள்ளலாம். தெருவிலிருந்து கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான். இருவரும் உட்கார்ந்து பேச ஒன்றுமே இல்லாமல் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. இந்தக் குளிர்காலம் முழுக்க இதைப் பேசினோம். எந்த விதை, எவ்வளவு பெரிய குழி, உறைபனி நின்று மே மாதம் எப்போது வெளியே நடுவது. இடத்தை நான் தேர்ந்தெடுத்தேன். விறகுக் கொட்டகைக்குப் பின்னால், வேலை முடிந்து வரும்போது வெயில் பளிச்சென்று விழுகிற மூலை. நாலு குச்சி நட்டு, சிவப்பு நாடா கட்டிவைத்தேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை வந்து பார்த்தால் குச்சிகள் அங்கே இல்லை. வீட்டின் தெற்குச் சுவரோரம், எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே நின்றன.

கோராவைக் கேட்டேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, அதுதான் சரியான இடம் என்று ஹோலிஸ் சொன்னதாகச் சொன்னாள். அவன் இரண்டு கோடை வளர்த்தவனாம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீ தூங்கிட்டு இருந்த, வெண்டல். எழுப்ப வேணாம்னு பாத்தேன்."

என்னை எழுப்பாமல் இன்னும் என்னென்ன நடக்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டுப் படுக்கப் போனேன்.

தூங்கவில்லை. அந்த ஜன்னலில் நானே ஆணி அடித்து மாட்டிய கறுப்புத் துணி உண்டு. அதற்கு இந்தப் பக்கம் கண்ணைத் திறந்தபடி கிடந்தேன். வேலிக் கதவு கிறீச்சிட்டது. பிறகு இரண்டு குரல்கள். என் தூக்கம் கெடக் கூடாதென்று மெதுவாகத்தான் பேசினார்கள். அந்த மெல்லிய பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னிடம் கோரா அப்படிக் குரலைத் தாழ்த்திப் பேசி எத்தனையோ காலம் ஆகிறது.

"மீன் உரத்தூளைக் குழிக்கு அடியில போடு, கோரா. மேலாகப் போட்டா ரக்கூன் வந்து தோண்டிரும்."

"ராத்திரி பூரா வெளிய சுத்திட்டு, விடிஞ்சா போய்ப் படுத்துக்குமே, அதானே? எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு."

அவன் சிரித்தான். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது.

துணியைப் பிடித்து இழுத்தேன். ஆணியோடு வந்தது. வெயில் முகத்தில் அறைந்தது. கண் கூசி, சற்றுக் கழித்துத்தான் அவர்கள் தெரிந்தார்கள். ஹோலிஸ் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். கோரா கொஞ்சம் தள்ளி மண்ணில் மண்டியிட்டிருந்தாள். அவ்வளவுதான். இருந்தும் எனக்கு ஆறவில்லை.

வெறுங்காலோடு வெளியே போனேன். என் இடம்தான் சரி என்று காட்ட இருவரையும் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனேன். அங்கே வெயில் இல்லை. பெரிய ஃபிர் மரத்தின் நிழல் மூலை முழுக்க விழுந்து கிடந்தது. காலடியில் மண் சில்லென்று இருந்தது.

"நீ படுத்த கொஞ்ச நேரத்துலயே நிழல் வந்துரும்," என்றாள் கோரா. "அப்புறம் சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான். மரத்தைப் பத்திப் படிக்கத்தானே காலேஜ் போன?"

"பாதியில விட்டுட்டேன்ல."

"நிழலைப் பத்தின பாடம் அடுத்த பாதியில வந்திருக்கும்போல," என்றான் ஹோலிஸ்.

வீட்டிலேயே அதிகம் வெயில் அடிக்கும் இடம் என் ஜன்னல்தான். வெயில் தாங்காமல்தானே அதை அடைத்தேன். அது பக்கத்து வீட்டுக்காரன் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

மண்வெட்டியை எடுத்து ஜன்னலடியில் குச்சி நின்ற இடத்திலேயே தோண்ட ஆரம்பித்தேன். ஹோலிஸ் தன் வீட்டிலிருந்து ஒரு தள்ளுவண்டி நிறைய மக்கு உரம் கொண்டுவந்தான்.

"வண்டிய வெச்சிட்டுப் போ," என்றேன்.

அவன் கோராவைப் பார்த்தான். பிறகு ஒரு தொலியைத் துப்பிவிட்டுப் போனான்.

"உதவிக்குத்தானே வந்தான்?" என்றாள்.

"நாலு குழிதான். நானே தோண்டிக்குவேன்."

"குழி சரி. வெயில் காலத்துல தினமும் பகல்ல யாராவது பாக்கணுமே. தண்ணி, புழு, கிளையைக் குச்சியில கட்டுறது. அக்டோபர் வரைக்கும். நீ முழிச்சிருப்பியா?"

நான் தோண்டிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது குழியில் கை ஓய்ந்துவிட்டது. இரவு ஆலைக்குப் போக வேண்டும். மண்வெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

துணியை மறுபடி மாட்டவில்லை. வெயில் முகத்தில் விழும்படியே படுத்துக்கொண்டேன். வெளியே கோரா ஒற்றையாக மண்ணை வெட்டுவது கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. வேலிக் கதவு கிறீச்சிட்டது.