திருப்பி அனுப்பக் காரணம்

இடுப்பு வலியை அவள் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் "வேலைய விட்டுடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். கிடங்கில் சொல்வது அதைவிட மோசம். ஆன்லைன் கடைக்கு வரும் ஆர்டர்களைப் பெட்டியில் போட்டுக் கட்டுவது அவள் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். வலிக்கிறது என்று வாயைத் திறந்தவர்கள் யாரும் மறுபடி அந்த வாசலை மிதித்ததில்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

முடியாமல் போனபோது, அதே கடையில் இடுப்புப் பெல்ட் ஒன்றை ஊழியர் தள்ளுபடியில் வாங்கினாள். கெட்டிக்காரிதான். பக்கத்து மேசைக்காரி கண்ணில் பட்டால் ஊருக்கே தெரிந்துவிடுமே என்று, அவளுடைய ஆர்டர் கட்டுவதற்கு உருண்டு வந்ததும் ஓடிப்போய்த் தானே எடுத்து, தன் விலாசத்தை ஒட்டி, தானே கட்டி அனுப்பினாள். மனிதக் கண்ணுக்கு மட்டும்தான் அவளுக்குப் பயப்படத் தெரியும். தள்ளுபடிக்காகப் போனில் 'சம்மதம்' என்று அழுத்தியது மறந்தே போயிற்று. அதைப் படித்துப் பார்த்து அழுத்தியவர் உலகத்தில் யாராவது உண்டா?

பெல்ட் வந்த நாலாம் நாள், கிடங்குக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சியின் அதிகாரி கூப்பிட்டாள். மகள் வயதுதான் இருக்கும். பேச்சில் தேன் ஒழுகும்.

"உக்காருங்கக்கா. இடுப்பு இப்ப எப்படி இருக்கு?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கென்ன மேடம், நல்லாத்தானே இருக்கேன். யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலக்கா. சிஸ்டத்துல வந்திருக்கு."

திரையை அவள் பக்கம் திருப்பினாள். பெல்ட் இருந்தது. வலித் தைலம், இரண்டு முறை வாங்கியது. பார்த்துவிட்டு வாங்காமல் விட்ட மெத்தைகூட இருந்தது, எத்தனை நிமிடம் பார்த்தாள் என்பதோடு. கடைசியில் சிவப்பில் ஒரு வரி: எடை தூக்கும் வேலைக்கு உகந்தவரல்ல.

"அது எங்க அம்மாவுக்கு வாங்கினது மேடம்." அம்மா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம்.

"சைஸ் உங்க யூனிஃபார்ம் சைஸ்தானேக்கா?"

அவளுக்கு முகம் சுண்டிப் போயிற்று. "நான் கடையில வாங்கினத உங்களுக்கு எதுக்கு மேடம் சொல்றாங்க?"

"நீங்க சம்மதம் குடுத்திருக்கீங்களே. எல்லாம் ஊழியர் நலனுக்காகத்தான்."

நலனாம்! வலியோடு நின்ற இந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட அவள் கணக்கில் ஒரு பெட்டி குறைந்ததில்லை. அதுவும் அந்தத் திரைக்குத் தெரியும். அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

"இந்த மாசத்தோட ஒப்பந்தம் முடியுது. வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா."

வீட்டுக்கு வந்ததும் சட்டைக்குள்ளிருந்த பெல்ட்டை உருவி எறிந்தாள். திருப்பி அனுப்ப இன்னும் மூன்று நாள் இருந்தது. போட்டதை எப்படி அனுப்புவது என்ற கூச்சமெல்லாம் அவளுக்கு இல்லை. அப்படித் திரும்பி வந்த சாமானைப் புதிது மாதிரிக் கட்டி அனுப்பிய கை அவளுடையதுதான்.

போனில் கடையைத் திறந்தாள். திருப்பி அனுப்பக் காரணம் கேட்டது. அளவு சரியில்லை. பொருள் சேதமடைந்துள்ளது. இனி தேவையில்லை. அவளுடைய காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. மூன்றாவதை அழுத்தினாள்.

'நன்றி. உங்கள் பதிலைக் குறித்துக்கொண்டோம்' என்றது திரை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்று 'சம்மதம்' அழுத்தியது போலவே, மறுபடியும் அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டிருந்தாள்.