சலவைக்கடைக்கு மேலே

ஏழெட்டு எவ்வளவு என்று டீச்சருக்குத் தெரியவில்லை.

காலை பதினோரு மணி. கையில் கரண்டியோடு அடுப்படியில் நின்றாள். பத்து வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாய்ப்பாடு தானாக வாயில் வரும். இப்போதோ மண்டைக்குள் பஞ்சை அடைத்தாற்போல இருந்தது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். நாற்பதைத் தாண்டியதும் எங்கே விட்டோம் என்பதே மறந்துபோயிற்று.

குழந்தை பிறந்து ஐந்து மாதம். பேறுகால விடுப்பில் இருந்தாள். கணவர் பஸ் டிரைவர். டிப்போவுக்குப் பக்கம் என்று இரண்டு மாதம் முன்புதான் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்தார்கள். கீழே சலவைக்கடை. தண்ணீர் படாமல் ஏதோ திரவத்தில் கோட்டும் பட்டுத்துணியும் வெளுக்கிற கடை. சாலைப் புழுதிக்குப் பயந்து அவள் ஜன்னல்களைத் திறப்பதே இல்லை.

முதலில் தலைவலி வந்தது. அப்புறம் கிறுகிறுப்பு, காரணமில்லாத அழுகை, மூக்குக்கு மேல் கோபம். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். மறதிதான் அவளைப் பயமுறுத்தியது. அவளுடைய அப்பா கடைசிக் காலத்தில் பெற்ற மகளையே "யாரும்மா நீ?" என்று கேட்டவர். அவருக்கு அது எழுபதில் வந்தது. தனக்கு முப்பத்து நாலிலேயே வந்துவிட்டதோ?

டிரைவரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை நல்லாத்தானே இருந்தே? சிரிச்சிக்கிட்டே இருந்தியே," என்றார் அவர். "தூக்கம் பத்தல, வேற ஒண்ணுமில்ல."

அவர் சொன்னதும் பொய்யில்லை. அவருக்கு ஞாயிறு விடுமுறை. கீழ்க்கடைக்கும் அன்றுதான் விடுமுறை. இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் புதன்கிழமை டீச்சர் ஹாலில் ஒரு துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். எதற்கு இந்தத் துண்டை எடுத்தோம் என்று யோசித்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யார் குழாயைத் திறந்தது?

ஓடினாள். பிளாஸ்டிக் தொட்டியில் குழந்தை சாய்ந்து கிடந்தது. தண்ணீர் அதன் தாடை வரைக்கும் ஏறியிருந்தது. அது அழக்கூட இல்லை.

வாரி எடுத்துத் துண்டில் சுற்றினாள். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால்... அதற்கு மேல் நினைக்கத் துணிவில்லை. தன் கைகளைப் பார்த்தே பயந்தாள். அன்றிலிருந்து டிரைவர் வேலைக்குக் கிளம்பியதும் கத்தி, தீப்பெட்டி எல்லாவற்றையும் பூட்டிவைத்தாள். குழந்தையைத் தரையில் பாயில் போட்டுவிட்டு, எட்ட உட்கார்ந்து, தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் தாங்கமாட்டாமல் அக்காவுக்குப் போன் போட்டாள். "அக்கா, உடனே வா. என்னைக் கொழந்தையோட தனியா விடாதே."

அக்கா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். யாருக்கும் அடங்காத வாய் அவளுக்கு. தங்கையை ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் பாத்திரம் துலக்கினாள், வீட்டைக் கூட்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் துடைப்பத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்னடி இது, எனக்குத் தலையைச் சுத்துது?"

"உனக்குமா?"

"உனக்குப் புத்தி கெட்டுதுன்னே வச்சிக்குவோம். வந்த ஒரு மணி நேரத்துல எனக்குமா கெடும்? இந்த வீட்லதான்டி என்னவோ இருக்கு."

குனிந்து தரையோரமாக மோப்பம் பிடித்துக்கொண்டே போனாள். ஹால் மூலையில் அலமாரிக்குப் பின்னால் ஒரு தகரக்குழாய். கடையின் நெடியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோகிற குழாய். அதன் அடிப்பகுதி துருப்பிடித்து, விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. இனிப்பாக ஒரு வாடை மூக்கில் ஏறியது. நின்றால் அவ்வளவாகத் தெரியவில்லை. குனிந்தால் நெஞ்சை அடைத்தது.

குழந்தையின் பாய் அங்கிருந்து நாலடி தள்ளிக் கிடந்தது.

"குட்டி எவ்வளவு நேரமாத் தூங்குறா?" அக்காவின் குரல் மாறிவிட்டது.

டீச்சருக்கு நினைவில்லை. குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். கண் திறக்கவில்லை. தூக்கினாள். தலை துவண்டு சரிந்தது.

"வெளியில ஓடுடி!"

செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினார்கள். அக்கா சாலை நடுவில் போய் நின்று வண்டிகளை மறித்தாள். டீச்சர் நடைபாதையில் குழந்தையின் முதுகைத் தடவித் தடவிக் கூப்பிட்டாள். அது இருமியது. வாந்தியெடுத்தது. பிறகு மெல்லிய குரலில் அழுதது. டீச்சர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நல்ல காற்றுள்ள வீட்டில் இருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் சரியாகிவிடும் என்றார் டாக்டர். டிரைவர் கட்டில் பக்கத்தில் தலைகுனிந்தபடி உட்கார்ந்திருந்தார். "நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்," என்றார்.

சலவைக்கடைக்காரரும் வந்தார். "சத்தியமாத் தெரியாதும்மா. எனக்கே பல வருஷமாத் தலைவலி. கண்ணாடியை மாத்தினாப் போயிடும்னு நெனச்சேன்." திட்ட வாயெடுத்த அக்காவே, "நீங்களும் ஒரு தடவை டாக்டரைப் பாருங்க," என்றாள்.

வீடு மாறினார்கள். டீச்சருக்கு மெல்ல மெல்லத் தலை தெளிந்தது. பயம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் காலிசெய்யவில்லை. குழந்தை கண்ணயர்ந்தால் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள்.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு மாலை, கணவர் ஓட்டிய பஸ்ஸிலேயே திரும்பிக்கொண்டிருந்தாள். வண்டி பழைய தெரு வழியே போனது. மேல்வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. கண்ணாடிக்கு உள்ளே கொடியில் சின்னஞ்சிறு சட்டைகள் காய்ந்தன. ஓட்டையை அடைத்துவிட்டேன் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். அதை அவள் நம்பத் தயாராக இல்லை.

"நிறுத்துங்க!"

"ஸ்டாப்பு இன்னும் வரலையே..." என்றவர் அவள் பார்த்த பக்கம் பார்த்தார். மறுபேச்சில்லாமல் வண்டியை ஓரங்கட்டினார்.

இரண்டிரண்டு படியாக ஏறிக் கதவைத் தட்டினாள். திறந்த பெண் நெற்றியில் ஈரத்துணி கட்டியிருந்தாள்.

"மொதல்ல ஜன்னலைத் தெறங்க," என்று உள்ளே நுழைந்தாள் டீச்சர். "கொழந்தை எங்கே?"