மூடி வைத்த தட்டு

மாதவிலக்கு நாட்களில் எங்கள் பெண்களுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. ஆனால் ரமலானில் அந்த நாட்களில் நாங்கள் சாப்பிடுவது ஆண்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. சமையலறை மேடைக்குக் கீழே ஒரு தட்டு மூடியிருக்கும். என் மாமியார் அஜீஸுன்னிசா எனக்காக எடுத்து வைப்பது. கதவைச் சாத்திக்கொண்டு, திருடி மாதிரி நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு, உதட்டைத் துடைத்துவிட்டு வெளியே வர வேண்டும். கல்யாணமானதிலிருந்து வருஷா வருஷம் இதே கூத்துதான்.

இந்த ரமலானில் அந்தத் தட்டுக்கு வேலையே வரவில்லை. மாமி ஊற்றும் நோன்புக் கஞ்சியில் என் கிண்ணத்துக்குக் கறித்துண்டு கூடிக்கொண்டே போனது. பெருநாளன்று எங்கள் மண்ணரைச் சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "எம் மருமவ ரிஃபானா இந்த வாட்டி ஒரு நோம்புகூட உடலீங்க."

நான் மாசமாக இருக்கிறேன் என்று பெண்கள் முடிவுகட்ட அது போதாதா? ஆளாளுக்கு என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! நான் ஓவர்லாக் தையல் அடிக்கும் பனியன் கம்பெனியின் பாத்ரூமில் ஒருமுறைக்கு இருமுறை கர்ப்பம் பார்க்கும் கிட் போட்டுப் பார்த்திருந்தேன். இல்லை என்று ஒற்றைக் கோடுதான். அதை மாமியிடம் முன்பே சொல்லியும் இருந்தேன். "டாக்டருங்களே தப்பாச் சொல்றாங்க, இந்தக் குச்சிக்கு என்ன கண்ணு தெரியும்?" என்று சிரித்துவிட்டார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஐந்து வருஷமாக எங்களுக்குப் பிள்ளை இல்லை. உடுமலைப்பேட்டையில் இருக்கும் மாமியின் அக்கா ஜமீலா பெரியம்மா, என் கணவர் கலீலுக்கு வேறொரு பெண்ணையே பார்த்து வைத்துவிட்டார். கலீல் வேண்டும் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. பெரியம்மாவின் பேச்சைவிட அதற்குத்தான் நான் பயந்தேன்.

பெருநாள் முடிந்ததும் மாமியே என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். டாக்டருக்குக் கொடுக்கவென்று பையில் பேரீச்சம்பழம் வேறு. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்.

"கர்ப்பம் இல்லீங்கம்மா. தைராய்டு சுரக்கறது கம்மியா இருக்குது. நாள் தள்ளிப்போனாலே குழந்தைதான்னு நெனைச்சுக்கறாங்க. தைராய்டு, நீர்க்கட்டி, உடம்பு எடை சட்டுனு ஏறறது, எறங்கறது, தூக்கம் கெடறது, மனசுல பாரம்... எதுனால வேணும்னாலும் தள்ளும். நைட் வேலை பாக்கறீங்களா?"

"ஷிப்மெண்ட் இருந்தா பாத்துத்தானுங்க ஆகோணும்."

தினமும் வெறும் வயிற்றில் போட ஒரு மாத்திரை கொடுத்தார். நின்றுபோனது வருவதற்குச் சில நாளைக்கு இன்னொரு மாத்திரை. "தைராய்டு சரியானா குழந்தை நிக்க வாய்ப்பு இருக்குது. உறுதியா இப்பச் சொல்ல முடியாதுங்க" என்றார். மாமி பேரீச்சம்பழத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஆட்டோவில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாத்திரை போட்டா வந்துருமல்ல? அப்பக் கலைஞ்சு போச்சுன்னு சொல்லிப்போடலாம் கண்ணு. ஒருக்கா நின்னுச்சுன்னு தெரிஞ்சா அக்கா அப்பறம் வாயத் தொறக்க மாட்டா."

ஆசையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு பொய், உடுமலைப் பெண் போய்விடுவாள், கலீல் எனக்கே எனக்கு. ஆனால் சந்தே துக்கம் கேட்க வருமே. கலீல் நம்பி அழுவாரே.

"இல்லாத புள்ளைக்கு நான் அழமாட்டனுங்க மாமி. உங்க மவன அழ வெக்கவும் மாட்டேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அன்றைக்கே கலீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சரி" என்றார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

மாத்திரை வேலை செய்தது. பெருநாளுக்கு அடுத்துப் பிடிக்கும் ஆறு நோன்பின் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தது. உட்கார்ந்து அழுதேன். எல்லாம் தெரிந்த பிறகும், அந்தக் குச்சி பொய்யாக இருக்கக் கூடாதா என்று இந்தப் பாழும் மனசு கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

அன்றைக்கென்று பார்த்து, பெருநாள் சேதி காதுக்கு எட்டி, ஜமீலா பெரியம்மா பலகாரத் தூக்கோடு வந்து இறங்கினார். ஜும்மா முடிந்து வந்த கலீல் ஹாலில் இருந்தார். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள்.

"எத்தன மாசம்?" என்று கேட்டுக்கொண்டே பெரியம்மா உட்கார்ந்தார்.

மாமி சமையலறைக்குள் போனார். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. நான் உள்ளே போய் நின்று சாப்பிட வேண்டும், அவர் வெளியே வந்து கலைந்த கதையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்து எழுந்தேன்.

அவர் தட்டோடு ஹாலுக்கே வந்துவிட்டார். அன்று அவருக்கு நோன்பு. எல்லார் எதிரிலும் தட்டை என் முன்னால் வைத்து மூடியைத் திறந்தார். ரசம் சோறு, முட்டைப் பொரியல்.

"மாசமெல்லாம் இல்லீங்க்கா. அவளுக்கு இன்னிக்குத் தொழுகை இல்ல. தைராய்டாம், வைத்தியம் பாத்துட்டிருக்கறோம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ உக்காந்து சாப்புடு கண்ணு."

பெரியம்மா கலீலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கலீல் எழுந்து உள்ளே போனார். ஒரு சொம்பு தண்ணீரோடு திரும்பி வந்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கேயே என்னோடு தரையில் உட்கார்ந்தார்.

நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்தே சாப்பிட்டேன்.